வரிசையில் முதல் தூக்குவாளி

லேக் கார்டன்ஸ் என்ற பெங்காலிப் பேட்டையில் ஆண்டாளின் இட்லிக் கடை வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்குவாளிகள்தான் வரிசையில் நிற்கும். வாளிக்குச் சொந்தக்காரர்கள் அதைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு மீன் வாங்கப் போயிருப்பார்கள், அல்லது டீக்கடையில் அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள். சிலர் வீட்டுக்குத் திரும்பிப் போய் ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வருவார்கள். யாருக்கும் பதற்றம் கிடையாது. வாளி நிற்கிற இடத்தில் ஆள் நிற்பதாகக் கணக்கு. அடுத்தவர் வாளியை ஒரு விரற்கடை நகர்த்தினாலும் உள்ளேயிருந்து ஆண்டாளின் குரல் வரும். அந்தக் குரலை ஒருமுறை கேட்டவர்கள் மறுமுறை கேட்க ஆசைப்பட்டதில்லை.

கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்ற மாட்டேன் என்று அவள் பிடிவாதம் பிடித்ததில் தொடங்கிய பழக்கம் இது. எல்லோரும் வாளி கொண்டுவந்தார்கள். எல்லா வாளியும் எவர்சில்வர், எல்லாம் ஒரே அச்சு. இரண்டு வீட்டு வாளிகள் மாறிப்போய், "உன் வாளியில் நசுங்கல் இருந்தது, என் வாளியில் இல்லை" என்று தெருவே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. ஆண்டாள் சளைக்கவில்லை. அடுத்த தடவை ராஜபாளையம் போனபோது பாத்திரக் கடையில் சொல்லி, பேர் வெட்டுகிற சின்ன மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பெயர் வெட்டாத வாளிக்குச் சாம்பார் கிடையாது என்று சட்டமும் போட்டாள். ஒரே ஒரு சிக்கல். பெங்காலியை அவள் தண்ணீர் போலப் பேசுவாளே தவிர, ஓர் எழுத்துகூட எழுதத் தெரியாது. ஆகவே முகர்ஜி, பானர்ஜி, ஸ்மிதா தீதி என்று பேட்டைக்காரர்கள் பெயரெல்லாம் வாளியின் விளிம்புக்குக் கீழே தமிழில் ஏறியது. அவர்களால் அதைப் படிக்க முடியாது. ஆனால் வந்த விருந்தாளிகளிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார்கள்.

வரிசையில் அவளுக்கு இருந்த வெறியைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. சிரிக்கட்டும். சொந்தப் புருஷன் சூசைராஜுக்கே அவள் இடையில் புகுந்து ஊற்றியதில்லை. பூஜைக் கமிட்டிச் செயலாளர் ஒருமுறை சந்தா நோட்டோடு வந்து வாளியை முன்னால் வைத்தபோது, வாளியை எடுத்துக் கடைசியில் வைத்துவிட்டு, சந்தாவையும் கொடுத்து அனுப்பினாள்.

அந்த வெறிக்குக் காரணம் உண்டு. ராஜபாளையத்தில் அவள் பத்தொன்பது வயதுப் பெண்ணாக இருந்தபோது, கிறிஸ்தவ வேதக்காரப் பையன் சூசைராஜோடு ஊரைவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் ஆயிற்று. பஸ் ஸ்டாண்டில் லுங்கியும் பனியனுமாக டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு மனுஷன், அப்பாவுக்குத் தெரிந்தவன், பஸ்ஸில் ஏறி இடுப்பிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினான். "போலீஸ், இறங்கு" என்றான். அவ்வளவுதான். கண்டக்டர் விசிலை ஊத மறந்தார். பஸ் நிறைய ஆள் இருந்தும் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் தன் கூடையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஆண்டாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வீட்டில் விட்டான் அவன்.

அடுத்த மாதமே மறுபடி கிளம்பி, சென்னையில் ரயில் மாறி, இனிமேல் யாரும் தேடி வர முடியாத தூரம் என்று அவர்கள் நினைத்த ஊரில் இறங்கியதெல்லாம் தனிக் கதை. ஆனால் லுங்கி கட்டியவன் நீட்டிய அந்தக் கார்டும், கூடையை மடியில் வைத்துக்கொண்ட அந்தப் பெண்ணும் அவள் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. இன்றைக்கும் நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தன் கடை வாசலிலாவது எந்தக் கார்டும் யாரையும் முந்த விடாது என்று முடிவு கட்டியிருந்தாள்.

பக்கத்தில் புதிதாகக் கட்டிய அப்பார்ட்மென்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. புருஷன் நாற்பது வயதுக்காரர், வாட்டசாட்டமான ஆள். முதல் ஞாயிற்றுக்கிழமை, தினமும் லேக்கைச் சுற்றி நடக்கிற விளையாட்டு உடுப்போடு நேரே கடைக்குள் வந்தார். வாளி எதுவும் கையில் இல்லை. பர்ஸிலிருந்து ஒரு கார்டை எடுத்து, பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு ஆண்டாளின் மூக்குக்கு நேரே காட்டினார்.

"போலீஸ். சீக்கிரம் கொடுங்கள்" என்றார் பெங்காலியில்.

ஆண்டாள் கார்டைப் பார்த்தாள். கரண்டியையும் பார்த்தாள்.

"தாதா, இதுல சாம்பார் ஊத்த முடியாது. வாளி கொண்டுட்டு வாங்க" என்றாள். பெங்காலியில் தாதா என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா.

வெளியே யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மனிதர் முகம் சிவந்து திரும்பிப் போனார். சாயங்காலம் அவருடைய மனைவி மீனாக்ஷி புது வாளியோடு வந்தாள். சாந்தமான பெண். பெயர் வெட்டச் சொன்னாள். "உங்க பேரா?" என்று ஆண்டாள் கேட்டதற்கு, "என் பெயர் எதற்கு? அவர் பெயரைப் போடுங்கள். பதவியையும் சேர்த்துப் போடுங்கள்" என்று வெட்கமும் பெருமையுமாகச் சொன்னாள். ஆண்டாளும் அப்படியே வெட்டிக் கொடுத்தாள். எஸ்.ஐ. நிர்மால்ய சாமந்தா.

அதற்குப் பிறகு சாமந்தா ஒழுங்காக வாளி வைத்தார். ஒழுங்காக என்றால், ஆண்டாள் உள்ளே வேலையாக இருக்கும்போது கடைசியில் வைத்த வாளியைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டு, பார்த்தவர்களை ஒரு பார்வை பார்ப்பார். பார்த்தவர்கள் பேப்பர் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆண்டாளிடம் யாரும் சொல்லவில்லை. போலீஸ்காரரோடு யார் மல்லுக்கு நிற்பது?

கடை மாடியில் ஓர் அறை உண்டு. அதில் சுபிக்ஷா குடியிருந்தாள். சாத்தூர்ப் பெண். அப்பா மருந்துக்கடை வைத்திருக்கிறார். ஐடி கம்பெனி வேலைக்கு வந்தவளை, "ராஜபாளையத்துக்காரங்க வீடுன்னா சரி" என்று அவர்தான் இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அந்தச் 'சரி' எவ்வளவு மெல்லிய கயிறு என்று சுபிக்ஷாவுக்குத் தெரியும். ஏதாவது ஒரு பேச்சு காதில் விழுந்தால் போதும், மறுநாளே ரயிலேற்றிவிடுவார். அவளுக்கோ இந்த வேலை உயிர். இந்த ஊரும் பிடித்திருந்தது. கூட வேலை பார்க்கிற அபிநவையும் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் லேக் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். நடைப்பயிற்சி உடுப்பில் ஓர் ஆள் வந்து முன்னால் நின்றார். கட்டைவிரலால் மூடிய கார்டை நீட்டினார். போலீஸ் என்றார். என்ன பண்ணுகிறீர்கள், வெட்கமில்லையா, பெயர் என்ன, எந்த ஊர் என்று அடுக்கினார். அபிநவ் எழுந்து ஏதோ சொல்லப் போனான். "ஸ்டேஷனுக்கு வருகிறாயா?" என்றதும் அவன் நாக்கு ஒட்டிக்கொண்டது. சுபிக்ஷாவின் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் கார்டை அந்த மனிதர் தன் கையாலேயே கழற்றி எடுத்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அவசரத்துக்குக் கூப்பிட அப்பாவின் பெயரும் நம்பரும் அச்சடித்திருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதே இடத்துக்கு வா. தனியாக வா. புத்தி சொல்லித் திருப்பித் தருகிறேன். வரவில்லை என்றால் உன் அப்பாவோடு பேசிக்கொள்கிறேன்."

சனிக்கிழமை முழுக்க சுபிக்ஷா கீழே இறங்கவில்லை. ஆண்டாள் இரண்டு தோசையைச் சுட்டு மேலே எடுத்துக்கொண்டு போனாள். தோசை ஆறிப்போகும்வரை அந்தப் பெண் அழுதுவிட்டு, அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"திங்கக்கிழமை கார்டு இல்லாம ஆபீஸ் கேட்டுக்குள்ள விடமாட்டாங்க அத்தை. தொலைஞ்சிருச்சுன்னு சொல்லி வேற வாங்கிரலாம். ஆனா அப்பா நம்பர் அவன் கையில இருக்கே."

"நாளைக்குச் சாயங்காலம் போகப் போறியா?"

"போகலேன்னா அப்பாகிட்ட சொல்லிருவான்."

"தனியா வரச் சொன்னான்ல?"

சுபிக்ஷா தலையை மட்டும் ஆட்டினாள். ஆண்டாளுக்குத் தன்னை பஸ்ஸிலிருந்து இறக்கியவன் முகம் அப்படியே கண்முன் வந்து நின்றது.

"ஆளு யாருன்னு தெரியுமா? பேரு?"

"பேரு இருந்த இடத்தைக் கட்டைவிரலால மூடிக்கிட்டான்."

கட்டைவிரல் என்றதும் ஆண்டாளுக்குச் சுருக்கென்றது. ஆனால் நிச்சயமில்லாமல் ஒருவன் மேல் பழி போட அவளுக்கு மனமில்லை. இரவு சூசைராஜிடம் சொன்னாள். நல்ல மனுஷன், ஆனால் போலீஸ் என்றால் மூன்று தெரு தள்ளிப் போகிறவர்.

"பெஞ்ச் பிளாட்பாரத்துல கிடக்கு. அவுக நினைச்சா நாளைக்கே கடையைத் தூக்கிருவாக. நமக்கு எதுக்கு ஆண்டாளு இந்த வம்பு?"

"அன்னிக்கு பஸ்ல இருந்தவங்களும் இதையேதான் நினைச்சிருப்பாங்க."

சூசைராஜ் மறுநாள் காலையில் வழக்கம்போல் மாதா கோயில் சட்டையைப் போட்டார். பிறகு என்ன தோன்றியதோ, கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார். பூசைக்குப் போகாமல் அவர் தங்கிய ஞாயிற்றுக்கிழமை அது ஒன்றுதான்.

வெயில் ஏறத் தொடங்கியபோது சுபிக்ஷா மாடி ஜன்னலைத் திறந்தாள். கீழே பெஞ்சில் வாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. விளையாட்டு உடுப்பில் ஓர் ஆள் கடைசி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துவிட்டு, டீக்கடைப் பக்கம் நடந்தார். அவள் படியிறங்கி வந்த வேகத்தில் செருப்பு ஒன்று மேலேயே தங்கிவிட்டது.

"அத்தை! அவன்தான். முதல் வாளியை வச்சுட்டுப் போறான் பாருங்க, அவன்தான்!"

ஆண்டாள் வெளியே வந்து அந்த வாளியைப் பார்த்தாள். தன் கையெழுத்து தன்னையே பார்த்தது. சுபிக்ஷாவும் குனிந்து வாய்விட்டுப் படித்தாள். லேக் கரையில் மூடி மறைத்த பெயர் இங்கே பளிச்சென்று வெட்டி வைத்திருந்தது.

ஆண்டாள் உள்ளே போய்ச் சாம்பார் அண்டாவை மூடினாள். மூடியின் மேல் கரண்டியைக் குறுக்கே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

மீன் பைகளோடு ஆட்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். ஓய்வுபெற்ற டீச்சர் ஸ்மிதா தீதிதான் முதலில் கேட்டாள்.

"என்ன ஆண்டாள், இன்னும் ஆகவில்லையா?"

"ஆயிருச்சு தீதி. ஆனா முதல் வாளிக்கு இன்னிக்கு ஊத்தறதா இல்ல. முதல் வாளியை விட்டுட்டு ரெண்டாவது வாளிக்கு ஊத்தற பழக்கம் இந்தக் கடையில இல்ல. உங்களுக்கே தெரியும்."

"அதென்ன நியாயம்? அந்த வாளியை ஓரமாக வைத்துவிட்டு எங்களுக்குக் கொடு" என்று ஒருவர் கை நீட்டினார்.

"கை வச்சுப் பாருங்க" என்றாள் ஆண்டாள். கை திரும்பிப் போனது.

முணுமுணுப்பு கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்காலிக்காரரைப் பசியோடு நிறுத்தி வைப்பது லேசான காரியமில்லை. பையில் மீன் வேறு. ஆண்டாளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்றார் ஒருவர். வரிசையில் அது முதல் வாளியே இல்லை என்று இன்னொருவர் பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். அது ஆண்டாள் காதிலும் விழுந்தது.

"நகர்த்தும்போது பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க? அப்ப வாயில என்ன, இலந்தைப்பழமா?"

இந்த அமளியில் சாமந்தாவே வந்துவிட்டார். கூட்டம் தானாக வழிவிட்டது.

"என்ன தாமதம்?"

"இது உங்க வாளியா தாதா?"

"ஆமாம். ஊற்றுங்கள்."

"இந்தப் பிள்ளையோட ஆபீஸ் கார்டு உங்ககிட்ட இருக்கு. அதைக் குடுங்க, ஊத்தறேன்."

சுபிக்ஷா ஒற்றைச் செருப்போடு வாசற்படியில் நின்றாள். சாமந்தா அவளைப் பார்த்தார். ஒரு கணம் கண் தடுமாறியது. உடனே முகம் கல்லாகிவிட்டது. "இந்தப் பெண் யாரென்றே எனக்குத் தெரியாது" என்றார். பர்ஸை எடுத்து, கட்டைவிரலை வைத்து, கார்டை ஆண்டாளின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"யாரோடு பேசுகிறாய் என்று தெரிகிறதா?"

"தெரியாம என்ன? எஸ்.ஐ. நிர்மால்ய சாமந்தா. விரலை எடுங்க, ஒத்துப்போகுதான்னு பாத்துக்கறேன்."

சாமந்தா திகைத்துப் போனார். "யார் சொன்னது?"

"உங்க வாளிதான்."

அவர் வாளியைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் அதைக் கவனித்ததே இல்லை. கவனித்திருந்தாலும் அவருக்கு அது முறுக்குப் பிழிந்த மாதிரிதான் தெரிந்திருக்கும்.

"நீங்க வெள்ளிக்கிழமை டியூட்டியிலயா இருந்தீங்க?" என்றாள் ஆண்டாள்.

"போலீஸ்காரனுக்கு எந்நேரமும் டியூட்டிதான்."

"நல்லது. டியூட்டியில எடுத்த சாமானை ஸ்டேஷன்லதானே வைக்கணும்? லேக் கரையில தனியா வந்து வாங்கிக்கோன்னு எந்த ஸ்டேஷன்ல சொல்வாங்க? டியூட்டி இல்லேன்னா, ரோட்டுல போற பிள்ளை கழுத்துல கிடந்ததைப் பறிச்சதுக்கு என்ன பேருன்னு நீங்களே சொல்லுங்க."

சாமந்தா ஓரடி முன்னால் வந்து தணிந்த குரலில் பேசினார். "இந்த பெஞ்ச் பிளாட்பாரத்தில் இருக்கிறது. நாளைக்கு இருக்காது. கடையும் இருக்காது. யோசித்துப் பேசு."

ஆண்டாளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். இருபத்தைந்து வருஷத்து உழைப்பு அந்தக் கடை. பின்னால் சூசைராஜ் சத்தமில்லாமல் வந்து, மூடி மேல் இருந்த கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். அவர் எடுத்த வேகத்தில் கரண்டி அண்டாவில் பட்டு மணி மாதிரி அடித்திருந்தது. அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

"தூக்குங்க. நாளைக்கு வரப்போறது நாளைக்கு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பெஞ்ச் இருக்கு, உங்க வாளி அதுல இருக்கு. கார்டு வராம இந்த அண்டா திறக்காது."

சாமந்தா செல்போனை எடுத்தார். சுபிக்ஷாவைப் பார்த்துச் சிரித்தார். "உன் அப்பாவைக் கூப்பிடட்டுமா? லேக்கில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று இவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லட்டுமா?"

ஆண்டாள் வாயெடுப்பதற்குள் சுபிக்ஷாவே போனை எடுத்து அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்தது. சாத்தூரிலிருந்து கரகரத்த குரல் வந்தது.

"என்ன தாயி, காலங்காத்தால?"

"அப்பா, நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. வெள்ளிக்கிழமை நான் லேக்ல ஒரு பையன்கூட உட்கார்ந்து கடலை தின்னுக்கிட்டிருந்தேன். ஒரு போலீஸ்காரர் சாதா டிரஸ்ல வந்து என் ஆபீஸ் கார்டைப் புடுங்கிட்டார். இன்னிக்குச் சாயங்காலம் தனியா வந்து வாங்கிக்கோங்கறார். வரலேன்னா உங்ககிட்ட சொல்லிருவேன்னு மிரட்டறார். அதான் நானே சொல்லிட்டேன்."

தமிழ் புரியாவிட்டாலும் எல்லோரும் அந்தப் போனையே பார்த்தார்கள்.

"பையன் யாரு?" என்றார் அப்பா.

"அந்த ஆபீசர் யாருன்னு அப்பா கேக்கறார்!" என்று ஆண்டாள் பெங்காலியில் உரக்க மொழிபெயர்த்தாள். கண்ணில் நீரோடு நின்ற சுபிக்ஷாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது.

"அபிநவ்னு பேருப்பா. அதுக்கு நாம சாவகாசமாச் சண்டை போட்டுக்குவோம். நான் ஒண்ணும் ஓடிப்போயிர மாட்டேன்."

இப்போது அப்பாவின் குரல் மாறியிருந்தது.

"தனியாவா வரச் சொன்னான்?"

"ஆமாப்பா."

"ஆண்டாள் அக்கா பக்கத்துல இருக்காகளா?"

"இருக்கேன் அண்ணே."

"கார்டை வாங்காம அவனை விட்றாதீங்க."

இதை ஆண்டாள் ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் பெங்காலியில் சொன்னாள்.

ஸ்மிதா தீதி மீன் பையைத் தரையில் வைத்தாள். பிள்ளைகளை ஆயுள் முழுக்க பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்திய குரலில் சாமந்தாவைக் கேட்டாள்: "சாயங்காலம் தனியாக வா என்று இந்தப் பெண்ணிடம் சொன்னீர்களா, இல்லையா?"

"ஸ்டேஷன் விஷயம். இதில் நீங்கள் தலையிடாதீர்கள்."

"தெரியாத பெண் என்றீர்கள். தெரியாத பெண்ணைப் பற்றி என்ன ஸ்டேஷன் விஷயம்?"

அப்போதுதான் கூட்டத்துக்கே அது உறைத்தது. பேப்பர் படிக்கிறவர் பேப்பரை மடித்தார். வாளியை நகர்த்தக் கை நீட்டியவர் இப்போது சாமந்தாவின் பக்கம் திரும்பி நின்றார். "கொடுத்துவிடுங்கள் தாதா" என்றது ஒரு குரல். "எங்கள் வீட்டிலும் பெண்பிள்ளை இருக்கிறாள்" என்றது இன்னொன்று. "மீன் கெட்டுக்கொண்டிருக்கிறது" என்று பின்னாலிருந்து வந்தது மூன்றாவது. யாரும் கை ஓங்கவில்லை. யாரும் நகரவும் இல்லை. டீக்கடைக்காரரே அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றுவிட்டார்.

சாமந்தா நான்கு பக்கமும் பார்த்தார். தான் முன்னால் கொண்டுவந்து வைத்த வாளியையும் பார்த்தார். அது மட்டும் கடைசியில் இருந்திருந்தால் இத்தனை பேர் இவ்வளவு நேரம் அவருக்காகக் காத்து நின்றிருக்க மாட்டார்கள். பர்ஸின் உள்மடிப்பிலிருந்து சுபிக்ஷாவின் கார்டை எடுத்து பெஞ்சின் மேல் விட்டெறிந்தார்.

"கையில குடுங்க" என்றாள் ஆண்டாள்.

"என்ன?"

"அவ கழுத்திலிருந்து கையால எடுத்தீங்கள்ல? கையில குடுங்க."

அவர் குனிந்து எடுத்தார். நீட்டினார். சுபிக்ஷா வாங்கி, எல்லோரும் பார்க்கக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

ஆண்டாள் அண்டாவைத் திறந்தாள். சாமந்தாவின் வாளியில்தான் முதல் கரண்டி விழுந்தது. வெங்காயத்தோடு அடியிலிருந்து அள்ளி, விளிம்புவரை ஊற்றி மூடி வைத்தாள். முறை என்றால் முறை. ஆனால் அவர் வாளியைத் தொடாமல் விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

அன்று மத்தியானமே அந்த வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு ஆண்டாளும் சுபிக்ஷாவும் ஸ்மிதா தீதியும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். அபிநவும் வந்தான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட நாக்கு இன்றைக்கு விட்டுவிட்டிருந்தது. சாட்சிக் கையெழுத்தை அவன்தான் முதலில் போட்டான். அங்கே இருந்த பெண் ஆபீசர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எந்த ஆபீசர் என்று கேட்டபோது ஆண்டாள் வாளியை மேஜை மேல் வைத்தாள். இது எந்த பாஷை என்று கேட்டவளுக்கு சுபிக்ஷா படித்துக் காட்டினாள். அந்த ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வாளியை மட்டும் திரும்ப எடுத்துப் போகச் சொன்னாள். விசாரிக்கிறோம் என்றார்கள். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டாளும் விடுவதாக இல்லை. லேக் மார்க்கெட்டுக்குச் சின்ன வெங்காயம் வாங்கப் போகும்போதெல்லாம் ஸ்டேஷனில் தலையைக் காட்டி என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டு வருகிறாள்.

சாமந்தா சொன்னதைச் செய்தார். அந்த வாரமே ஒரு வேன் வந்து பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போனது. யார் அனுப்பியது என்று கேட்டதற்கு வேன்காரனுக்கே தெரியவில்லை. எழுத்தில் எதுவும் இல்லை.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்று சூசைராஜ் ஆரம்பித்தார். ஆண்டாள் பார்த்த பார்வையில், "பெஞ்ச் பழசுதான்" என்று முடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு முன்னால் வெறும் பிளாட்பாரம். முதலில் வந்த ஸ்மிதா தீதி வாளியை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். கடைச் சுவரை ஒட்டியே பக்கத்து அப்பார்ட்மென்டின் காம்பவுண்டுச் சுவர் தொடங்குகிறது. இடுப்பு உயரம், அகலமான மேல்திட்டு. பெஞ்சைவிட வாகாக இருந்தது. அவள் வாளியை அதில் வைத்தாள். அடுத்தவர் அதன் பின்னால் வைத்தார். வாளிகள் சேரச் சேர வரிசை நீண்டு, சாமந்தாவின் வீட்டு கேட்வரைக்கும் போய்விட்டது. பேட்டையில் இதுவரை சாம்பார் வாங்காதவர்கள்கூட அன்றைக்கு வாளியோடு வந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் சாம்பார் போதாது என்று ஆண்டாளுக்குத் தெரிந்தது. போதாவிட்டால் ரசம் வைத்தாவது ஊற்றுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

வரிசை பாதி கரைந்திருந்தபோது அந்த கேட் திறந்தது. மீனாக்ஷி வந்தாள். அவள் யாரையும் பார்க்காமல் நேரே கடைவாசலுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. உள்ளே அலமாரியில் தன் வீட்டு வாளி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்தாள்.

"அதில் இருக்கிற பெயரை அழிக்க முடியுமா தீதி?"

"வெட்டின பேரை அழிக்க முடியாதும்மா."

மீனாக்ஷி புடவைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு வாளியை எடுத்தாள். பழைய வாளி, அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். அதில் எந்தப் பெயரும் இல்லை.

"அப்படியென்றால் அது இங்கேயே இருக்கட்டும். ஸ்டேஷனுக்குத் தேவைப்படும். இதில் வெட்டிக் கொடுங்கள்."

ஆண்டாள் கரண்டியை சூசைராஜிடம் கொடுத்துவிட்டு மெஷினை எடுத்தாள்.

"என்ன பேரு போடணும்?"

"என் பெயர்தான். மீனாக்ஷி. அவ்வளவு போதும்."

மெஷின் கிர்ரென்று ஓடியது. ஆண்டாள் ஒவ்வோர் எழுத்தையும் நிதானமாக வெட்டி, பொடியை ஊதித் தள்ளி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். ஸ்மிதா தீதி தன் இடத்தை விட்டு விலகி, முன்னால் வா என்று கையைக் காட்டினாள். மீனாக்ஷி தலையை அசைத்து மறுத்துவிட்டு, தன் வாளியை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகவே நடந்து போய், தன் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில், கடைசி வாளிக்குப் பின்னால் வைத்தாள்.